காலிப் பக்கத்தில் ஒரு கட்டைவிரல்

விழுப்புரத்திலிருந்து வந்த புகார்க் கடிதம் கழுத்து வலியில்தான் ஆரம்பித்தது. "தங்கள் நிறுவனம் பத்தாண்டுகளுக்கு முன் ஸ்கேன் செய்து தந்த பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் பார்ப்பதற்காகத் தலையை இடமும் வலமும் சாய்த்துச் சாய்த்து எனக்குக் கழுத்து வலி நிரந்தரமாகிவிட்டது" என்று எழுதி, கீழே அரங்கநாதன், ஆவண அறைப் பொறுப்பாளர் என்று கையெழுத்துப் போட்டிருந்தார். படித்துவிட்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் கழுத்து வலியைத் தீர்க்க எனக்கும் மாரியப்பனுக்கும் எட்டு மாதம் ஆகும் என்று அப்போது தெரியாது.

அந்த ஆவண அறை ஒரு பழைய அறக்கட்டளையுடையது. ஒரு காலத்தில் இந்தச் சுற்றுவட்டாரத்தில் இருபத்தேழு பள்ளிக்கூடங்களை நடத்தினார்கள். பாதிக்கு மேல் மூடியாயிற்று. பள்ளிக்கூடத்தை மூடினாலும் படித்தவர்கள் எங்கே போவார்கள்? பிறந்த தேதிக்கு அத்தாட்சி வேண்டும், சாதிச் சான்று வேண்டும், பாஸ்போர்ட் எடுக்க வேண்டும் என்று வளவனூரிலிருந்தும் கோட்டக்குப்பத்திலிருந்தும் யாராவது வந்துகொண்டேதான் இருப்பார்கள். பிள்ளைகளைச் சேர்த்தபோது எழுதிய பதிவேட்டில் அவர்கள் பெயரைத் தேடி எடுத்துக் கொடுப்பது அரங்கநாதன் சாரின் வேலை.

எங்கள் ஆபீஸ் திண்டிவனத்தில், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருக்கிறது. முதலாளி சவுரிராயன் சார். நான் பிரபாவதி, சரிபார்ப்பு. மற்றவர்கள் செய்து முடித்த பக்கங்களை ஒவ்வொன்றாகத் திரையில் பார்த்து, தப்பு இருந்தால் அந்த இடத்தில் சிவப்புக் கட்டம் போட்டு, காரணம் எழுதித் திருப்பி அனுப்புவேன். கோணல், கறுப்பு, மங்கல் என்று ஒரு சொல்லில் காரணம். எனக்கு ஆபீஸில் 'சிவப்பக்கா' என்று பெயர் உண்டு. காதில் விழும்படியே கூப்பிடுவார்கள், நானும் விட்டுக்கொடுக்காமல் திரும்பிப் பார்ப்பேன்.

அந்தப் பழைய ஸ்கேன் உண்மையிலேயே பார்க்கச் சகிக்கவில்லை. பாதிப் பக்கங்கள் படுத்திருந்தன, சில தலைகீழாக நின்றன. ஓரமெல்லாம் கறுப்பு. ஒரு பதிவேடு முழுவதும் ஒரே ஃபைலாகக் கிடந்தது. நானூறாவது பக்கம் வேண்டுமென்றால் நானூறு தடவை மவுஸை உருட்ட வேண்டும். எல்லாவற்றையும் நிமிர்த்தி, கறுப்பை வெட்டி, பழுப்பை வெளுத்து, இடப்பக்கம் ஊர், வருஷம், பெயர் என்று பட்டியல் சேர்த்து, பெயரைத் தொட்டால் பக்கம் வந்து நிற்கும்படி செய்ய வேண்டும். அப்புறம், விரல்களை எடுக்க வேண்டும். பழைய ஸ்கேனில் பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் ஒரு கட்டைவிரல் இருந்தது. புத்தகத்தை விரித்துப் பிடித்திருந்தவருடைய விரல்.

அது கலையரசியின் விரல். மாரியப்பனின் மனைவி. மூன்று வருஷத்துக்கு முன்பு வயிற்றில் கட்டி என்று ஆரம்பித்து, பதினொரு மாதத்தில் போய்விட்டாள். அவன் மனைவி இறந்தது எனக்குத் தெரியும். நான் இங்கே சேர்ந்த புதிதில் நடந்தது, சாவுக்குப் போய் மாலை போட்டுவிட்டு வந்தேன். ஆனால் அந்த விரல்கள் அவளுடையவை என்று எனக்குத் தெரியாது. அது தெரியாமல் நான் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். எழுதினால் ஆறும் என்று யாரோ சொன்னார்கள். பார்ப்போம்.

மாரியப்பன் மயிலத்துக்குப் பக்கத்து ஊர்க்காரன். நாற்பதை ஒட்டிய வயசு. அப்பாவும் அம்மாவும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கவும் கரும்பு வெட்டவும் போனவர்கள். சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. இவன் கம்ப்யூட்டர் படித்து, எங்கெங்கோ டைப் அடித்து, கடைசியில் இங்கே வந்து சேர்ந்தான். காலையில் மகள் அஸ்வினிக்குத் தலை பின்னிவிட்டுப் பஸ் ஏறுவான். பின்னல் கோணலாக இருக்கிறது என்று அவள் டீச்சர் சொன்னாளாம். அதை வந்து என்னிடம் சொல்லி, "உங்கள மாதிரியே அங்கயும் ஒரு சிவப்பக்கா கீதுக்கா" என்று சிரித்தான். அதிகம் பேசமாட்டான். அன்றைக்குப் பேசியதே அதிசயம்.

அவனுக்கும் கலையரசிக்கும் எப்படிக் கல்யாணம் ஆனது என்பதை அவன் எனக்குச் சொன்னது ரொம்பப் பின்னால், விழுப்புரம் பஸ்ஸில். இங்கேயே சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது புரியும்.

பதிவேடுகளை வெளியே கொடுக்கமாட்டார்கள் என்பதால் ஸ்கேன் வேலை விழுப்புரத்தில், அந்த ஆவண அறையிலேயே நடந்தது. மேஜைமேல் ஒரு ஸ்டாண்டு, அதன் உச்சியில் கேமரா, இரண்டு பக்கமும் விளக்கு. ஜன்னல் வெளிச்சம் விழக்கூடாது என்று மேஜையைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டியிருப்பார்கள். துணிக்கு உள்ளே ஒருவர் உட்கார்ந்து பக்கம் புரட்டிப் பிடிக்க வேண்டும். வெளியே ஒருவர் கம்ப்யூட்டரில் பார்த்துப் பட்டன் அழுத்த வேண்டும். உள்ளே கலையரசி, வளவனூரிலிருந்து பஸ்ஸில் வந்தவள். வெளியே மாரியப்பன். பேச்சுக் கொடுத்தால் பக்கம் தாவிவிடும் என்று சவுரிராயன் சார் பேசக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார். இரண்டே வார்த்தைக்குத்தான் அனுமதி. அவள் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு "ஆச்சா?" என்பாள். அவன் அழுத்திவிட்டு "ஆச்சு" என்பான். அவள் அடுத்த பக்கம் புரட்டுவாள். காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை ஆச்சா, ஆச்சு. மாசக் கணக்கில் இதே.

பக்கத்தை அழுத்திப் பிடிக்க ஒரு கண்ணாடி ஸ்கேல் கொடுத்திருந்தார்கள். அதில் விளக்கு பட்டு வெள்ளையாக அடிக்கிறது, எழுத்து தெரியவில்லை என்று சொல்லி அவள் அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு விரலாலேயே பிடித்தாள். அதனால் மாரியப்பன் நாள் முழுக்கத் திரையில் பார்த்தது அவள் விரலைத்தான். இடது கட்டைவிரல் நகத்தில் நடுவே ஒரு கோடு ஓடும், சின்ன வயசில் கரும்புத் தோகை உரிக்கும்போது கத்தி பட்டது. ஒருநாள் விரலில் துணி சுற்றியிருக்கும், ஒருநாள் பேனா மை. பொங்கலுக்கு வைத்த மருதாணி பக்கத்துக்குப் பக்கம் மங்கிக்கொண்டே போய் நகத்தின் நுனியில் பிறை மாதிரி நிற்கும். "மூஞ்சிய சரியா பாத்தது கூட இல்லக்கா. டிபன் சாப்பிடும்போது அவ அந்தப் பக்கம் திரும்பிக்குவா. விரலத்தான் தெரியும்" என்றான்.

கடைசியில் அத்தையை அனுப்பிப் பெண் கேட்டான். வளவனூரில் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். மறுநாள் வேலைக்கு வந்தவன் துணிக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறான், உள்ளேயிருந்து எப்போதும்போல ஆச்சா மட்டும்தான் வருகிறது. நானாக இருந்தால் துணியைக் கிழித்திருப்பேன். சாயங்காலம் பத்தொன்பதாம் பதிவேடு முடிந்தது. கடைசிப் பக்கம் காலி. காலியாக இருந்தாலும் எடுத்தாக வேண்டும் என்பது விதி. அவள் அந்தக் காலிப் பக்கத்தின் நடுவில் கையை வைத்து, கட்டைவிரலை மட்டும் நிமிர்த்திக் காட்டிக்கொண்டு, "ஆச்சா?" என்று கேட்டாளாம்.

"நான் அப்பிடியே பாத்துக்கினே இருந்தேன்க்கா. அவ மறுபடியும் ஆச்சா, ஆச்சான்னு கேக்குறா. ஆச்சுன்னு சொன்னா கைய எடுத்துருவாளேன்னு நான் சொல்லவே இல்ல."

கல்யாணத்துக்குப் பிறகும் இரண்டு பேரும் அதே வேலையைத்தான் பார்த்தார்கள். ஏழாவது மாசம் வரைக்கும் அவள் துணிக்குள் உட்கார்ந்து பக்கம் பிடித்தாள். முப்பதாம் பதிவேட்டுக்கு மேல் விரல் வீங்கித் தெரியும். அது அஸ்வினி வயிற்றில் இருந்த நேரம்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தால்! எனக்குத் தெரிந்ததெல்லாம் மாரியப்பன் இந்த வேலையில் மட்டும் ஆமையாக நகர்கிறான் என்பதுதான். கோணல் எடுப்பதிலும் பட்டியல் போடுவதிலும் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. விரல் எடுக்கும் இடத்தில் நின்றுவிடுவான். பக்கத்திலேயே கொஞ்சம் காகித நிறத்தை எடுத்து விரல்மேல் பூசினால் போயிற்று, அரை நிமிஷ வேலை. அவன் அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். "இன்னா மாரியப்பா, ஜோசியம் பாக்குறியா? ஜல்தியா வுடு" என்று இங்கிருந்தே சத்தம் போடுவேன். உடனே பூச ஆரம்பிப்பான். முப்பத்தோராயிரம் பக்கத்தையும் அப்படி ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துத்தான் பூசினான். நான் அதைச் சோம்பல் என்று நினைத்தேன்.

அதில் ஒரே ஒரு பக்கத்தை மட்டும் பூச முடிந்தும் பூசாமல் விட்டிருந்தான். பத்தொன்பதாம் பதிவேட்டின் கடைசிப் பக்கம். வெள்ளைப் பக்கத்தின் நடுவில் மருதாணி வைத்த கட்டைவிரல் ஒன்று நிமிர்ந்து நின்றது. சிவப்புக் கட்டம் போட்டு, 'விரல்' என்று எழுதித் திருப்பினேன். மறுநாள் அதே பக்கம் அப்படியே வந்தது. மறுபடி கட்டம், மறுபடி 'விரல்'. மூன்றாம் முறையும் வந்தபோது எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறிவிட்டது.

மாரியப்பனே எழுந்து என் மேஜைக்கு வந்தான். "அக்கா, அது காலிப் பக்கம்தானே. யாரும் பாக்கமாட்டாங்க. வுட்டுரலாமே" என்றான்.

"காலிப் பக்கத்துல விரலு எதுக்கு? எவளோ ஒருத்தி வேல நேரத்துல விரலக் காட்டி வெளையாடிக்கினு இருந்துகீறா. அத அரங்கநாதன் சார் பாத்தா நம்பள இன்னா நெனப்பாரு? போய்த் தொடைச்சி எடுத்துக்கினு வா."

எவளோ ஒருத்தி. அப்படித்தான் சொன்னேன். அவன் ஏதாவது சொல்லியிருக்கலாம். "சரிக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். சாயங்காலம் அந்தப் பக்கம் வெள்ளை வெளேர் என்று வந்தது. 'சரி' என்று போட்டேன். அன்றைக்குத் திருப்தியாக டீ குடித்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே எரிச்சலாக வருகிறது.

பதினான்கு பக்கங்கள் மட்டும் மிஞ்சின. அவற்றில் விரல் ஓரத்தில் இல்லை, எழுத்தின்மேலேயே இருந்தது. பூசினால் விரலோடு பெயரும் தேதியும் போய்விடும். புத்தகத்தை எடுத்து மறுபடி ஸ்கேன் செய்வதைத் தவிர வழியில்லை. அந்தப் பதினான்கையும் தனி ஃபோல்டரில் போட்டு சவுரிராயன் சாரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"கலையரசி கைதான இது. எத்தினி வாட்டி சொல்லியும் அந்தப் பொண்ணு ஸ்கேல் வைக்கவே வைக்காது" என்றார். அப்புறம் மெதுவாக, "பாவம், மாரியப்பன் எப்பிடித்தான் இந்த வேலைய முடிச்சானோ. நானே வேற ஆளப் போடட்டான்னு கேட்டேன். வேணாம் சார், நானே பாக்குறேன்னுட்டான்" என்றார்.

நேராகப் போய் என் கம்ப்யூட்டரைத் திறந்து பத்தொன்பதாம் பதிவேட்டின் பழைய பிரதியைத் தேடினேன். இல்லை. புதிய பக்கம் அதே பெயரில்தான் சேரும், பழையதன் மேலேயே உட்கார்ந்துவிடும். தனி டிஸ்கில் பழைய பிரதி ஒன்று இருக்கும். இடம் போதவில்லை என்று மாசத்தின் முதல் திங்கட்கிழமை அதைத் துடைப்பார்கள். துடைப்பது யார்? நான்தான். எட்டு நாளைக்கு முன்னால், வேலை முடிந்த சந்தோஷத்தில், என் கையாலேயே துடைத்திருந்தேன். விழுப்புரத்துக் கம்ப்யூட்டரிலும் பழையதை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றியாயிற்று.

மறுநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "ஏன்டா சொல்லல?" என்று கேட்டேன். அழக்கூடாது என்று நினைத்திருந்தேன், முடியவில்லை.

"இன்னான்னுக்கா சொல்றது? விரலு வோணும்னா?" என்றான். டிபன் பாக்ஸை மூடி வைத்தான். "கல்யாண ஆல்பம் கீதுக்கா. அவ கறுப்பு. ஸ்டுடியோக்காரன் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளையாக்கி வச்சிட்டான். அது அவ மூஞ்சியே இல்ல. போன்ல எடுத்ததுல எல்லாம் கைய வச்சி மறைச்சிக்குவா. அஸ்வினி கையாச்சும் அவள மாதிரி இருக்கும்னு பாத்தா, அதுக்கு என் விரலு."

ஆபீஸ் விதியாவது ஒன்றாவது என்று எனக்குத் தோன்றியது. அந்தப் பதிவேடுகளில் பெயரும் சாதியும் இருப்பதால் ஒரு பக்கத்தைக்கூட வெளியே கொண்டுபோகக் கூடாது என்று ஆபீஸில் கண்டிப்பு. அதை எல்லோருக்கும் சொல்லிச் சொல்லி மிரட்டுபவளே நான்தான். நானே சொன்னேன்: "பதினாலு பக்கம் கீது மாரியப்பா. விரல மட்டும் வெட்டி எடுத்துத் தர்றேன். சார்கிட்ட நான் பேசிக்கிறேன்."

"வேணாங்க்கா" என்றான். "அது வேல பாக்குற விரலு. அதுல அவ பக்கத்தப் பாத்துக்கினு கீறா. அந்தக் காலிப் பக்கத்துல இருந்தது எனக்குன்னு காட்டுனது."

சாம்பார் சாதத்தைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தேன். அவன் எழுந்து போய்க் கை கழுவினான்.

பதினான்கு பக்கங்களையும் எடுக்க விழுப்புரத்துக்கு ஒரு வியாழக்கிழமை இரண்டு பேரும் போனோம். கோட்டக்குப்பத்து தாஜுன்னிசா என்ற அம்மா பிறந்த தேதிக்காக மூன்று வாரமாக நடந்துகொண்டிருந்தார். சார்ஜாவில் இருக்கும் மகளுக்குப் பிரசவம், பாஸ்போர்ட் அவசரம். சான்று கம்ப்யூட்டர் பிரதியிலிருந்துதான் அச்சாகும், அதில் அவர் தேதி கலையரசியின் விரலுக்கு அடியில் இருந்தது. தள்ளிப்போட வழியே இல்லை. அந்தப் பஸ்ஸில்தான், விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி நின்றபோது, மாரியப்பன் பெண் கேட்ட கதையை எனக்குச் சொன்னான்.

அரங்கநாதன் சார் வாசலிலேயே நின்று வரவேற்றார். "இப்ப நேரா உக்காந்து பாக்குறேம்மா. பேரத் தொட்டா பக்கம் வருது. கழுத்து வலி பாதி கொறைஞ்சிடிச்சி" என்று கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினார். பழைய மேஜையும் ஸ்டாண்டும் மூலையில் இருந்தன. கறுப்புத் துணியை உதறிக் கட்டினோம். நான் உள்ளே உட்கார்ந்து பக்கம் பிடிப்பது, மாரியப்பன் கம்ப்யூட்டரில் உட்காருவது என்று வரும்போதே பேசியிருந்தோம். அவன் துணியைத் தூக்கிப் பிடித்தபடி கொஞ்சம் நின்றான். "அக்கா, நீங்க வெளிய உக்காருங்க. நான் புடிக்கிறேன்" என்றான்.

உட்கார்ந்தேன். திரையில் முதல் பக்கம் வந்தது, ஒழுங்காக ஸ்கேல் வைத்து. துணிக்குப் பின்னாலிருந்து, "ஆச்சா?" என்றான்.

"ஆச்சு" என்றேன்.

தாஜுன்னிசா அம்மாவின் தேதி கிடைத்தது. அடுத்தது ஒரு தச்சர் மகன், அடுத்தது திருவாமாத்தூர்ப் பெண் ஒருத்தி. ஒவ்வொரு புதுப் பக்கமும் பழையதன் மேல் போய் உட்கார்ந்தது, ஒவ்வொரு விரலாகப் போனது. ஆச்சா, ஆச்சு. அவன் குரலில் ஒன்றும் தெரியவில்லை.

பதினான்காவது, பத்தொன்பதாம் பதிவேட்டில் இருந்தது. எடுத்து முடித்ததும் பட்டியலில் கடைசிக் கோட்டை அடித்துவிட்டு, "அவ்ளோதான், வெளிய வா மாரியப்பா" என்றேன்.

அவன் வரவில்லை. தாள்கள் புரளும் சத்தம் கேட்டது. திரையில் பெயர்களும் ஊர்களும் ஓடி, கடைசிப் பக்கத்தில் வந்து நின்றன. காலிப் பக்கம். பட்டியலில் இல்லாதது. ஸ்கேலைத் தூக்கி ஓரமாக வைத்த சத்தம் கேட்டது. பக்கத்தின் நடுவில் ஒரு கை வந்து படிந்தது, கட்டைவிரல் நிமிர்ந்தது. தடித்த, கறுத்த, மருதாணி இல்லாத விரல். மூன்று முறை சிவப்புக் கட்டம் போட்டவள் ஆயிற்றே, அதே இடம் என்று எனக்குத் தெரியாதா?

"ஆச்சா?" என்றான்.

ஆச்சு என்று சொன்னால் கையை எடுத்துவிடுவான். அன்றைக்கு அவன் ஏன் சொல்லாமல் உட்கார்ந்திருந்தான் என்று அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

"ஆச்சாக்கா?" என்று மறுபடி கேட்டான். இந்த முறை குரல் உடைந்திருந்தது. விரல் அசையவே இல்லை.

பட்டனை அழுத்திவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் "ஆச்சு" என்றேன்.

திண்டிவனம் வந்ததும் அந்தப் பக்கத்தைப் பத்தொன்பதாம் பதிவேட்டின் கடைசியில், நான் வெள்ளையாக்க வைத்த பக்கத்தின் மேல் சேர்த்தேன். சரிபார்ப்புக்கு அது என்னிடமே வந்தது. 'சரி' என்று போட்டு அனுப்பினேன்.